ஸ்பீக்கர் போச்சா?

ஷார்ஜா, சஜா கேம்ப்.
ஏழாம் பிளாக் சுவரில் போர்வையைக் கட்டி
மொஃபிசுல் புரொஜெக்டரைப் போட்டான்.
நூறு வருஷத்துக்கு முந்தைய படம். சத்தமே இல்லை.
"ஸ்பீக்கர் போச்சா?" என்றார் வெல்டர் இருதயம்.

கொதிகலன் வாயில் கரி வாருகிறவன்
இருமுகிறான், கேட்கவில்லை.
மேஸ்திரி கத்துகிறான், அதுவும்.
எங்களுக்குப் பழக்கம்தான்:
ஃபோர்மேன் பேசும் எந்த மொழியும் புரியாமல்
வாயைப் பார்த்தே
வசவை அளந்துகொள்கிறவர்கள்.

நடுநடுவே கறுப்பு அட்டையில் எழுத்து.
ஜெர்மனோ ரஷ்யனோ, யார் கண்டது.
நேபாளத்து தில்பகதூர் எழுந்து நின்று
இந்தியில் வாசித்தான்:
"மூணு மாசச் சம்பளம் எங்கே?"
அடுத்த அட்டைக்கும் அதே.
அதற்கடுத்ததற்கும்.
சிரித்ததில்
என் சுலைமானி சட்டையெல்லாம் சிந்தியது.

பிறகு படத்தில்
எல்லோரும் ஒரே நேரத்தில்
கரிவாரியைக் கீழே போட்டார்கள்.

விழுந்த சத்தம்
பிளாக் முழுக்கக் கேட்டது.

வாசலில் கேம்ப் பாஸ்.
"என்ன படம்?"
"பழைய காமெடி, சார்."
கொஞ்ச நேரம் பார்த்தார். கொட்டாவி விட்டார். போனார்.

விடியற்காலை நாலரைக்கு பஸ் வந்தது.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
நின்றது.
ஹாரன் அடித்தது.
நின்றது.