வாசலைப் பார்த்து நிற்கும் மோட்டார்

ஒவ்வொரு காலையும் என் மோட்டார்
வேறு பக்கம் திரும்பி நின்றது.

ஆயர் ஈத்தாம் பிளாட், கீழ்த்தளம்.
நள்ளிரவில் ஷிஃப்ட் முடிந்து வந்து
தூணுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்க்க நிறுத்துவேன்.
விடிந்தால் அது வாசலைப் பார்க்கும்.
ஹேண்டிலைப் பூட்டிப் பார்த்தேன்.
பின்சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தது ஒரு கை.

"ஒன்பதாம் மாடி ஊய்" என்றார்
காவலுக்கு நிற்கும் தேக் பகதூர்.
லிஃப்டில் என் முகத்தைப் பாராமல்
பொத்தான்களையே உற்றுப் பார்ப்பாரே, அவர்.

பாயான் லெப்பாஸில் எனக்குப் பழுது பார்க்கும் வேலை.
சில்லில் எங்கே கீறல், எதனால் கீறல்.
பாரத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
அதை வெறுமையாக விட முடியாது.
அந்தக் கட்டம் வீடுவரை
என் பின்னால் உட்கார்ந்து வரும்.

முதலில், என் நிறம் என்று எழுதினேன்.
கைக்கெட்டும் தூரத்தில்
உப்பு டப்பா போல எப்போதும் இருக்கிற காரணம் அது;
பல தடவை சரியாகவும் இருந்திருக்கிறது.
பிறகு, கிறுக்கு என்றேன். அது இன்னும் சுலபம்.
நல்ல மலாயில் ஒரு புகாரும் எழுதினேன்.

அக்டோபர் மழையில் நான்கு நாள்
வண்டி வைத்தது வைத்தபடி நின்றது.
நான்கு நாளும் இருக்கை ஈரம்.
அண்ணாந்தேன்.
குழாய் மூட்டில் ஒரு சொட்டு
தன் முறைக்குக் காத்திருந்தது.

"ஊய் ஆஸ்பத்திரியில்" என்றார் தேக் பகதூர்,
"கண்புரை."

புகாரைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.
ஆறு ஆரஞ்சு. ஒன்பதாம் மாடி.
"தண்ணீர் படக் கூடாதென்றுதானே திருப்பினீர்கள்?"
ஒரு கண்ணில் பஞ்சோடு அவர் கேட்டார்:
"என்ன தண்ணீர்?"

நாலு மணிக்குச் சோயா பால் வண்டியைத்
தள்ளிக்கொண்டு போகையில்
என் சைலன்சர் இடிக்குமாம்.
அவ்வளவுதான்.
"கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே?"
"நாலு மணிக்கா?" என்றார்.

ஆறில் இரண்டை என் கையிலேயே திருப்பித் தந்தார்.
அவர்கள் வழக்கமாக இருக்கலாம்.
சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

இப்போது நானே
வாசலைப் பார்க்க நிறுத்துகிறேன்.
குழாயை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.
சோயா பால் வண்டியும் மறுபடி ஓடுகிறது.

"எதற்காக இப்படித் திருப்பி வைக்கிறாய்,
கிழவருக்காகவா, சொட்டுக்காகவா?"
நேற்று தேக் பகதூர் கேட்டார்.

யோசித்தேன்.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.

லிஃப்ட் வந்துவிட்டது.