ஏறாத ஏரியல்

டொலிடோவில் மார்ச் மாதச் சனிக்கிழமை.
பனி உருகி வாசலில் கறுப்பாகக் கிடக்கிறது.
கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
நாற்பத்தேழாம் வருடத்து பேக்கார்டின்
இடது மட்கார்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
தேடுவது ஓர் ஓட்டை.

இந்த ஏரியலுக்கு மோட்டார் கிடையாது.
இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கையில்
குழாயில் ஒன்றுமில்லாமல் போகிறதே,
அந்த ஒன்றுமில்லாததுதான் இதைத் தூக்குகிறது.
குமிழை வலது பக்கம் திருப்பினால் மேலே,
இடது பக்கம் கீழே,
நடுவில் விட்டால் நின்ற இடத்தில் நிற்கும்.
வாங்கிய முதல் கோடையில் அப்படித்தான் நடந்தது.
அடுத்த கோடையிலிருந்து பத்து வருடம்
எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் விட்டதுபோலவே இருந்தது.
ரேடியோவில் தகரத்தின்மேல் மழை.

மேல் நட்டைக் கழற்றி உருளையை உருவினேன்.
உள்ளே பிஸ்டனின் தோல் வாஷர்
காய்ந்த ஆரஞ்சுத் தோல்போலச் சுருங்கியிருந்தது.
கண்டுபிடித்துவிட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன்,
கேட்க யாரும் இல்லை.
மாட்டுக்கால் எண்ணெயில் ஓரிரவு ஊறப்போட்டேன்.
காலையில் அது விரலுக்கு வளைந்தது.
மூன்று தண்டுகளையும் மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து
துணியால் துடைத்தேன், கிரீஸ் போடவில்லை
(போட்டால் ஊர்ப் புழுதி முழுக்க அங்கேதான் குடியேறும்).
பழைய ரப்பர் குழாய்க்குப் பதில்
பால் கறக்கும் எந்திரத்தின் குழாய்,
ஃப்ரீமான்ட் பண்ணைக் கடையில் அடி நாற்பது சென்ட்.

உருளையின் மூக்கில் ஒரு துண்டுக் குழாய் மாட்டி
வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்து
மனசுக்குள் எண்ணினேன்.
முப்பதிலும் அது என் நாக்கை விடவில்லை.

மீதி, பழைய குழாயை இன்ஜின் வரை பின்தொடர்வது.
பேட்டரிக்குப் பின்னால், கை மட்டும் போகும் இடத்தில்
குழாய் முடிந்தது.
முடிந்த இடத்தில் அடைப்பாக
மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மர முளை:
கோல்ஃப் பந்தை உட்கார வைப்பார்களே, அது.

இந்த வீட்டில் கோல்ஃப் ஆடுபவர் ஒரே ஒருவர்.
பல் ஆஸ்பத்திரித் தோழிகளோடு, புதன்கிழமைகளில்.

எதெல்கா குப்பைக் கூடையோடு வந்தாள்.
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
"சிக்னலில் நின்றால் இன்ஜின் நடுங்கியது, கால்மன்.
குழாயில் எங்கோ விரிசல். அடைத்தேன், நடுக்கம் போனது."
சொல்லியிருக்கலாமே என்றேன்.
கூடையைக் கீழே வைத்தாள்.
"சாண்டஸ்கி வரை பேஸ்பால், திரும்பி வரும்வரை பேஸ்பால்.
அந்த வாரம் ரேடியோ போனது.
நீ என்னிடம் பேசினாய்."

உண்மைதான்.
தம்பிக்கு எனக்குத் தெரியாமல் முந்நூறு டாலர் கொடுத்ததை
அந்தச் சாலையில்தான் சொன்னாள்.
எனக்கு வந்த கோபம்
ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடையில் ஆறியது.
ஏரியல் கெட்டுப்போனதுக்கு அன்று நான் வருத்தப்பட்டேனா,
நினைவில்லை.

மாட்டி முடித்தேன். அவளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்,
பிறகு குமிழை.
தண்டு விக்கியது. ஒரு சாண் ஏறியது. யோசித்தது.
அவளுக்குப் பொறுமை கிடையாது,
ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தாள். தண்டு அப்படியே நின்றது.
"காலை எடு! மிதித்தால் இழுக்காது!"
"வேகமாகப் போனால் ஏறாதா?"
"சும்மா இருந்தால்தான் ஏறும்."
"இதை யார் கண்டுபிடித்தது" என்றபடி காலை எடுத்தாள்.
இரண்டாம் தண்டு வந்தது, மூன்றாவது,
நுனியில் சின்னக் குண்டு கூரை விளக்குக்கு நேராக.

மழைக்குள்ளிருந்து ஒரு குரல்:
சோளம் விலை, பன்றி விலை,
ஏரியில் காற்று மேற்கிலிருந்து.

இன்ஜின் நடுங்கவில்லை.
அதை முதலில் கவனித்தது அவள்.
இறங்கி வந்து என் கையிலிருந்த முளையை எடுத்தாள்,
சட்டைக் கையில் துடைத்தாள்,
புதன்கிழமைக்கு வேண்டும் என்றாள்.