ஐம்பத்தேழு மில்லி

ஹனோய்க்குப் போகிறேன் என்றதும்
தையல் லைனில் ஆறு பேர்
ஆளுக்கொரு கண்ணாடி வளையலைக் கழற்றித் தந்தார்கள்.
பச்சைக்கல் வளையல் அங்கே விசேஷமாம்,
இந்த அளவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்கக்கா,
காசு வந்ததும் தர்றோம்.
பழைய தாவணியில் சுற்றி
பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன்.
ஒன்று மட்டும் முழுசாய்ப் போய்ச் சேரவில்லை,
பர்வீனுடைய மெரூன்.

கம்பெனி அனுப்பியது ஒன்பது நாளைக்கு.
ஷூவின் மேல்தோலைத் தானே தைக்கும் புது மெஷின்.
எட்டு நாள் அதன் முன்னால் கைகட்டி நின்றேன்.
ஒன்பதாம் நாள் மத்தியானம்தான்
வெள்ளிக் கடைத்தெரு.

மலைப்பெண்கள் போடுகிற கனத்த காறைகள்,
மீன் தொங்கட்டான்கள்,
பிள்ளைகளின் உயிர் எங்கும் போய்விடாமல் இருக்கக்
கழுத்தில் மாட்டும் வெள்ளிப் பூட்டு.
கடைக்காரி தன் பெயரை மூன்று தரம் சொன்னாள்,
மூன்று தரமும் என் வாயில் வேறு பெயராய் வந்தது.

என் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாய்
மரக்கூம்பில் இறக்கி எண் படித்தாள்.
பேரணாம்பட்டின் டூ-ஃபோர்
அங்கே ஐம்பத்தேழு மில்லி.
மெரூன் துண்டுகளை
மேசைமேல் வட்டமாய்ச் சேர்த்துப் பார்த்தாள்.
ஒரு துண்டு குறைந்தது.
பிறகு தன் மணிக்கட்டை நீட்டினாள்,
பிடித்துச் சொல் என்பதுபோல்.

பிடித்தேன்.
பர்வீன் விரலில் ஊசி இறங்கிய அன்று
ஆஸ்பத்திரி வாசல் வரை
அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
என் பெருவிரல் எங்கே வந்து நின்றது என்று
கைக்குத் தெரிந்திருந்தது.
இதைவிடக் கொஞ்சம் சின்னது என்றேன், தமிழில்.
அவளுக்குப் புரிந்தது.

கால்குலேட்டரில் ஒன்றரை லட்சம் காட்டினாள்.
நெஞ்சு நின்று, பிறகு ஓடியது:
அவர்கள் காசு அது, நமக்கு ஐந்நூறு.
தலையை ஆட்டி ஆட்டி
நானூறுக்கு இறக்கினேன்.

ஆறு வளையலும் டப்பாவுக்குள் போனபிறகு
ஏழாவதைப் பார்த்தேன்.
பச்சைக்குள் ஒரு வெள்ளைக் கீற்று,
பாலில் விழுந்த நூல் மாதிரி.
என் அளவை யாரும் எடுத்துத் தரவில்லை,
நானும் எடுக்கவில்லை.
மெல்லிய கேரிபேக்கை என் கைமேல் மாட்டி
பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி
ஒரே தள்ளு.
எலும்பு ஏதோ சொன்னது. ஏறிவிட்டது.
கழற்றுவது எப்படி என்று சைகையில் கேட்டேன்.
சிரித்தாள். கழற்றுவதில்லையாம்.
என்றைக்காவது உடையுமாம்,
நமக்கு வர இருந்ததை
அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தமாம்.

திங்கட்கிழமை.
பத்தலப்பல்லி மலையிறங்கி
ஆந்திரா பஸ் வந்து நின்றதும்
மல்லீஸ்வரிதான் முதலில் ஓடிவந்தாள்.
கையில் போட்டு வெயிலில் திருப்பினாள்.
'எந்த அக்கா?'
தெலுங்கில் எவ்வளவு என்கிறாள், தெரியாதா எனக்கு.
தமிழில் எடுத்துக்கொண்டு
'அந்தப் பச்சைதான்டீ' என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்குவதற்குள்
ஐந்நூறு என்றேன்.

ஆறு நூறு.
ஏழாவதுக்கு நானூறு போக
ஏர்போர்ட்டில் ஒரு காபி,
அதுவும் ஆறிப்போனது.

மெஷின் பக்கம் வளையல் கூடாது.
தமிழிலும் தெலுங்கிலும் அந்தப் போர்டு
என் கையெழுத்து.
ஆறு பேரும் கழற்றி டிபன் பைக்குள் வைத்தார்கள்.
அவர்களுடையது
கழற்றிக் கொடுத்த அளவு, கழன்றது.

இப்போது பாத்ரூம் குழாயடியில் நிற்கிறேன்.
பர்வீன் என் கைக்குக் கேரிபேக் மாட்டி
சோப்பு தேய்த்து இழுக்கிறாள்.
தையல் போட்ட அந்த விரல்
இன்னும் முழுசாய் மடங்கவில்லை அவளுக்கு.
எனக்குக் கை சிவந்ததுதான் மிச்சம்.
'உங்களது ரொம்ப அழகு அக்கா,
இது எவ்வளவு?' என்கிறாள்.

இன்னும் கொஞ்சம் சோப்பு போடு
என்கிறேன்.