சான்றுப் பொருள் 1

தொப்பூர் கணவாயில், ரெட்டைப் பாலம் தாண்டி,
அதிகாலை இரண்டு ஐம்பதுக்கு
வண்டிக்கு அடியில் ஒரு சத்தம்.
நாய் என்று நினைத்தேன்.
நாயாக இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.
கல்.

ஆயில் சேம்பர் பிளந்து
நாமக்கல்லில் ஏற்றிய முட்டையோடு
மேட்டில் நின்றுவிட்டது வண்டி.
கை பிரேக் எனக்கு எப்போதுமே அரைகுறை.
கீழே ஓடிய முனிராசு
இருட்டில் துழாவி எடுத்து வந்து
பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தது
அதே கல்லை.
பிசுபிசுன்னு இருக்குண்ணே என்றான்.

சுங்கச்சாவடிக் கம்பெனி
ரோந்துப் பதிவேட்டைத் திறந்து காட்டியது:
இரண்டு பத்துக்குச் சாலை சுத்தம்.
அடுத்த சுற்று ஆறு பத்துக்கு.
இடையில் விழுகிறவை அவர்கள் கணக்கில் இல்லை.

இன்சூரன்ஸ்காரர்
ஆயில் போன பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்றார்.
நாற்பது அடி இருக்கும் என்றேன்.
சேம்பருக்கு உண்டு, எஞ்சினுக்கு இல்லை,
நாற்பது அடிக்கு நீங்களே பொறுப்பு என்று
கடிதம் வந்தது.

தர்மபுரி நுகர்வோர் ஆணையத்துக்குக்
கல்லைத் துணிப்பையில் கொண்டுபோனேன்.
நடத்துனர் லக்கேஜ் போட்டார்.
அங்கே எடை பார்த்தார்கள், ஏழு கிலோ நானூறு.
சணல் சுற்றி அட்டை கட்டினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் தவமணி
குரல் உயர்த்தாமல் கேட்டார்.
முட்டை எத்தனை உடைந்தது?
பதினொன்று.
எத்தனையில்?
ஆறாயிரத்து முந்நூறில்.
வண்டி பின்னால் உருளாமல் தடுத்தது எது?
சொன்னேன்.
அப்படியானால் இந்தக் கல்லுக்கு
நீங்கள் நன்றியல்லவா சொல்ல வேண்டும்?
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு.
அதற்கு முந்திய மாசியில்
காரிமங்கலத்துக்கு இந்தப் பக்கம் டயர் மாற்றியபோது
சக்கரத்துக்கு வைத்த கல்லை
என்ன செய்தாய்?
மழைத் தூறல், லோடு அவசரம்.
பக்கக் கண்ணாடியில் ஒருமுறை தெரிந்தது,
தார் மேல், தன்பாட்டுக்கு.
பின்னால் ஒரு ஒற்றை விளக்கு வந்துகொண்டிருந்தது.
வளைவு வந்துவிட்டது.

பதினேழு மாதம் கழித்து மனு தள்ளுபடி.
சான்றுப் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று
இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
இரண்டு பத்துக்கும் இரண்டு ஐம்பதுக்கும் இடையில்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது
இப்போது சட்டப்படி என்னுடையது.

அட்டை இன்னும் அதில்தான் இருக்கிறது,
எழுத்து பாதி அழிந்து.
மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு வைக்கிறேன்.
கிளம்பும்போது முனிராசுவை அனுப்புவதில்லை,
நானே இறங்கிப் போய்
தூக்கி வருகிறேன்.