அலகின் ஆரஞ்சு

பாரிக்கலா ஏரிக்கரை, அக்டோபர், காலை ஏழு.
ஓர்வோ வேனின் பின்கதவைத் திறக்கிறான்.
ஈரச் சாக்கின்மேல் ஒரு வாத்து,
கழுத்து இன்னும் விறைக்கவில்லை.

"துந்திராவா தாய்காவா, நீயே சொல், சாய்மி."

நான் படித்த நாளில் இது ஒரே பறவை.
அவரைத் தாளடியில் மேய்வதால் அவரை வாத்து.
பிறகு யாரோ ரத்தத்தைப் பிரித்துப் படித்து
இரண்டாக்கினார்கள்.
சதுப்புக் காட்டில் பொரித்தது ஒன்று,
மரமே இல்லாத வடக்கில் பொரித்தது மற்றொன்று.
பின்னதைச் சுடலாம்.
முன்னதைச் சுட்டால் அபராதம்,
துப்பாக்கியும் போகும்.

காலிப்பரை விரிக்கிறேன்.
நீள அலகு, அள்ளிப் பூசிய ஆரஞ்சு என்றால் காட்டுக்காரி.
குட்டை அலகு, மோதிரம்போல் ஒரு வளையம் என்றால் வடக்கத்தியாள்.
இவளுக்கு
அலகு நீளம்.
ஆரஞ்சோ மோதிரமளவு.

மறுபடி அளக்கிறேன்.
மில்லிமீட்டர் மாறவில்லை.
ஓர்வோவின் பூட்ஸ் சரளையை அரைக்கிறது.

மேலே இன்னொரு கூட்டம்,
கலைந்த கோடு, கரகரத்த குரல்கள்.
யாருக்குப் பின்னால் யார் என்று
அவை விசாரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.
நடுவே ஓர் இடம் காலியாக வருகிறது,
அப்படித்தான் எனக்குப் பட்டது.
ஆண்டுக்கு எழுநூறு வாத்து அளப்பவளுக்கு
இப்படியெல்லாம் படக்கூடாது.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
பேனா மை குளிரில் இறுகிவிட்டது, நல்லவேளை.
அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறேன்.

ஓர்வோ எதுவும் கேட்கவில்லை.
சாக்கின் ஓரத்தை இழுத்து
அவள் கால்களை மூடினான்.