தனித்தாளில் இணைக்கவும்

'ஏற்ற வேடங்கள்' என்ற இடத்தில்
நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள்.
போதாவிட்டால் தனித்தாளாம்.

முதல் கோட்டில் ஏரோது என்று எழுதினேன்.
மூவரசர் நாடகம், பத்தொன்பது வருடம்.
மூக்கையூர் கோயில் திடலில்
கருவேலங்கம்பு நட்டுக் கட்டிய மேடையில் நின்று
பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொல்லிக் கத்துவார்.
மறுநாள் விடியலில் நண்டுவலை கழிக்கையில்
கண்ணோரம் மை அப்படியே இருக்கும்.
அவர் பெயர் கஸ்பார்.
விண்மீன் பார்த்து வந்த ராசாக்களில் ஒருவருடைய பெயர்.
அந்த வேடத்தை ஒருநாளும் கேட்டதில்லை.
"ராசாவுக்கு ரெண்டு வசனம்.
ஏரோதுக்குத்தான்டி பாட்டும் உண்டு."

இரண்டாம் கோட்டில் இடறியது.
சென்னையிலிருந்து படமெடுக்க வந்தவர்கள்
கரையில் நிற்க ஓர் ஆள் கேட்டார்கள்.
'படகு வந்துருச்சு.' அவ்வளவுதான் வசனம்.
எட்டு முறை சொல்ல வைத்தார்கள்.
ஒன்பதாம் முறை நிஜமாகவே ஒரு வள்ளம் வர
வசனத்தை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்க ஓடினார்.
அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.

பிறகு தபால்காரர், ஏட்டு, வட்டிக்காரர்,
தர்கா வாசலில் மயில்தோகையோடு நிற்பவர்,
கதாநாயகியைப் பெற்ற குடிகாரர்.
முப்பத்தேழு படம். பதினொன்றில் செத்தார்.
எட்டு வெட்டு, இரண்டு மாரடைப்பு, ஒரு கிணறு.
கடலில் சாகும் வேடமும் ஒன்று வந்தது.
அதற்கு மட்டும் அம்மா
முன்பணத்தை மணியார்டரில் திருப்பி அனுப்பினாள்.

பெயர் எந்தப் படத்திலும் இல்லை.
'மற்றும் பலர்' என்று வரும்போது
நாங்கள் கைதட்டுவோம்.

குரலும் அவருடையது இல்லை.
கரைப் பேச்சு புரியாதென்று
படத்துக்கொரு தொண்டை பிடித்தார்கள்.
டிவியில் எவனோ ஒருவன்
என் அப்பாவின் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான்.
இருமலை மட்டும் யாராலும் ஒட்ட முடியவில்லை.
ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது வந்தது அது.
இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் சுதி இறங்கும்.
அப்படியே விட்டுவிட்டார்கள்.

படிவத்தின் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டார்:
"நலிந்த கலைஞர்னா, எம்புட்டு நலியணும்?"
இரண்டு நாள் சவரம் செய்யவில்லை.
சாயல்குடி பஸ் ஸ்டாண்டில்
இடது தோளை இறக்கிப் பார்த்தார்.
ஏர்வாடி விலக்கு தாண்டியதும் கைநடுக்கம் சேர்த்தார்.
கீழக்கரையில் "கூடிப்போச்சோ" என்று
கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வந்தது சிரிப்புதானா, தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் இரண்டாம் மாடி.
எழுத்தர் குனிந்தபடியே ஆதாரம் கேட்டார்.
போனில் நிறுத்திவைத்திருந்ததைக் காட்டினேன்.
ஒன்றில் அப்பாவின் முதுகு.
ஒன்றில் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால்
பாதி நெற்றி.
"இது யாரா வேணும்னாலும் இருக்கலாமேம்மா."

நடுக்கத்தையும் தோளையும் மறந்து
ஏரோது நிமிர்ந்தார்.
வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை,
இருமல்தான் வந்தது.
இரண்டு குட்டை. ஒரு நீளம்.

எழுத்தர் தலை தூக்கினார்.
"அந்தக் கிணத்துல விழுறவரு..."
"ஆமா" என்றார் அப்பா,
சொந்தக் குரலில்.

"சரி. ஆதார் முன்பக்கம் பின்பக்கம்
ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."

படியிறங்குகையில் தோள் சரிந்திருந்தது.
வலது தோள்.
"இருமல் எடுபட்டுச்சா?" என்று கேட்டார்,
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு,
மூச்சு வாங்க.