நாற்பது விநாடி

முதல் பிரீஃபில் இப்படி எழுதியிருந்தேன்:
நவீனம். நம்பிக்கை. உலகத் தரம்.
நீலமும் வெள்ளையும், கூட ஒரு புன்னகை.
சால்மியா ஏஜென்சியிலிருந்து ஹாதிம்
ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினான்:
யாருக்கு?

ஃபஹாஹீலில், இந்தப் பல் கிளினிக்கில்
நாலு வருஷமாக டோக்கன் கொடுக்கிறேன்.
எனக்கா தெரியாது?
தெரியவில்லை,
காகிதத்தில் வைக்கிற அளவுக்கு.

அன்றிரவு பதினொன்றரைக்கு
தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார்
சாரம் கட்டும் காசிலிங்கம்.
ஒரு வாரம் கிராம்பை அதக்கி
நாக்கு வெந்திருந்தது.
"இங்க ஆஸ்பத்திரி இருக்குன்னு தெரியாதாண்ணே?"
"தெனம் பாக்குறேந்தாயி, பஸ்ஸுலருந்து.
ஒரு வெள்ளக்காரப் பொண்ணு சிரிக்கும்.
பேஸ்ட் விக்கிறாகன்னு நெனச்சேன்."

அவர் கன்னம் மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில்
மறுபடி எழுதினேன்.

பார்ப்பவர் கம்பெனி பஸ்ஸின் வலப்பக்க ஜன்னலில்.
சிக்னலில் நாற்பது விநாடி,
அதில் முப்பது தூக்கம்.
கண்ணாடியில் புழுதி இருக்கும்.
எழுத்து தெரியும் என்று நம்பாதே, எண் தெரியும்.
பிடுங்க ஐந்து தினார்.
வியாழன் என்றால் இரவு ஒரு மணி வரை.
சிரிக்கிற முகம் வேண்டாம்;
வலிக்கிறவனிடம் அடுத்தவன் பல்லைக் காட்டாதே.
நிறம் உன் இஷ்டம்.

'சொல்ல விரும்பும் செய்தி' என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு:
கிராம்பு போதும். வா.

குரியாக்கோஸ் சார் விலையை அடித்தார்.
"மலிவாத் தெரியும்" என்றார்.
அடித்தது தெரியும்படி
அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதிரிகள் வந்தன.
இரண்டு, சார் கேட்டபடி.
மூன்றாவதில் பலகை முழுக்க ஒரு கடைவாய்ப் பல்,
அதில் சொத்தை விழுந்த ஓட்டையாய்
அரபி ஐந்து.
பார்த்ததும் பூஜ்யம் என்றுதான் நினைத்தேன்.
பத்து வருஷம் இந்த ஊர் நோட்டை எண்ணியவருக்கு
அப்படித் தோன்றாது.

சார் இன்னும் முடிவு சொல்லவில்லை.
சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று
போனில் அந்தப் படத்தைக் கைநீட்டி
எங்கள் சுவர்மேல் பொருத்திப் பார்த்தேன்.
குறுக்கே பஸ் வந்து நின்றது.
ஜன்னலோரம் ஒருவர்
வாய் திறந்து தூங்குகிறார்.
எண்ணத் தொடங்கினேன்,
ஒன்று, இரண்டு,